வெள்ளத்துக்கு முந்தின மாசம்

புளியங்கொட்டைப் பசை காய்ச்சும் வாசனை எந்தத் தெருவில் வந்தாலும் என் கால் நின்றுவிடும். கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, இடித்து, தண்ணீர் விட்டுக் கிளறக் கிளற மண்ணும் கருகலும் கலந்த ஒரு மந்தமான வாசனை எழும்பும். அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் பூச்சி அண்டாது. துத்தம் விழுந்த மறுகணம் வாசனை மாறிவிடும். நாக்குக்கடியில் செம்புக்காசை வைத்தது போல ஒரு கசப்பு. இன்றைக்கும் சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் தெருமுனையில் பசைச்சட்டியை இறக்கினால், சுவரில் எந்தக் கட்சி, எந்தப் படம் என்று நான் பார்ப்பதில்லை. ஒரு பெண்ணின் சுட்டுவிரல்தான் கண்முன் வருகிறது. ஒரு புகைப்படத்தின் மேல், தொட்டும் தொடாமலும் நின்ற விரல்.

நான் ஓரிடத்தில் தங்குகிறவன் இல்லை. இரண்டு மழைக்காலத்துக்கு மேல் எந்த ஊரின் கூரையும் என்னைப் பொறுத்ததில்லை. போடியில் மட்டும் மூன்று மழைக்காலம் இருந்தேன். யுத்தகாலம் அது. மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். ஸ்டேஷன் இருந்தது, ரயில் இல்லை. பிளாட்பாரத்தில் ஆடுகள் படுத்து அசைபோட்டன. பஸ்கள் பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு இருமி இருமி ஓடின. மேற்கே மலை எப்போதும் ஈரத்தில் நின்றது. அதன் சாம்பல் நிறம் கீழே இறங்கி, கடைவீதியில், மனிதர்கள் முகத்தில், அடுப்புப்புகையில் எல்லாம் கலந்திருந்ததாக எனக்குத் தோன்றும். ஒருவேளை என் கண்ணில்தான் இருந்ததோ என்னவோ.

கடைவீதியில், ஏலக்காய் மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் இருந்தது எங்கள் வாசகசாலை. கிட்டங்கி முதலாளிதான் தலைவர். நான் காப்பாளன். காலையில் திறக்க வேண்டும். வந்து உட்கார்ந்திருக்கிற பத்துப் பேருக்கு யுத்தச் செய்தியை உரக்க வாசிக்க வேண்டும். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபின் பூச்சி வராமலிருக்க அலமாரித் தட்டுகளில் வசம்புத் துண்டுகளை மாற்றிவைக்க வேண்டும். தரையின் இடுக்கு வழியாகக் கீழேயிருந்து ஏலக்காய் மணம் வந்துகொண்டே இருக்கும். புதிதாய் வருகிறவர்கள் மூச்சை இழுத்து ஆகாவென்பார்கள். மூன்றாவது மாதம் அது தலைவலி.

அந்த அலமாரிகளில் நாலணா நாவல்களும் பஞ்சாங்கங்களும்தான் முதலில் இருந்தன. பிறகு துரையின் பெட்டிகள் வந்தன. மலைமேல் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரர் அவர். ஒரே மகனை யுத்தத்தில் பறிகொடுத்துவிட்டுச் சீமைக்குத் திரும்பினார். போகுமுன் தம் புத்தகங்களை எங்கள் தலைவருக்குக் கொடுத்துவிட்டார். ஏலக்காய் வியாபாரத்தில் பழக்கம். தேயிலை இறங்குகிற கம்பிவடத்தில் அடிவாரத்துக்கும், அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்குமாக ஏழு மரப்பெட்டிகள் வந்து சேர்ந்தன. சாரல் நாள். பெட்டிகளின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய யாத்திரைப் புத்தகங்கள். கன்றுத்தோல் அட்டை. விரித்தால் மேஜையைத் தாண்டித் தொங்கும் தேசப்படங்கள். அருவி, மலைக்கோட்டை, கோபுரம், தெப்பக்குளம் என்று செப்புத்தகட்டில் கீறி அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் கையாலேயே வர்ணம் தீட்டிய சித்திரங்கள்; அவற்றின் முகத்தை மூடி, வெங்காயத்தோல் போல ஒரு மெல்லிய தாள். அந்தத் தாளைத் தூக்கும்போதெல்லாம் யார் முகத்துணியையோ விலக்குவது போலத்தான் இருக்கும்.

ஒரு சித்திரம் எங்கள் பள்ளத்தாக்காம். அடியில் அப்படித்தான் போட்டிருந்தது. மலைகள் ஊசி ஊசியாய், உச்சியில் வெள்ளையாய் இருந்தன. ஆற்றங்கரையில் பேரீச்சை மரங்கள். இங்கே வந்தே இராத எவனோ ஒருத்தன், வந்துபோனவனின் குறிப்பைப் பார்த்து லண்டனில் உட்கார்ந்து செதுக்கியிருக்க வேண்டும். கீழே ஏலக்காய் தரம் பிரிக்கிறவர் ஒருவர் மேலே வந்து அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம ஊருன்னா, அந்தா ஓரத்துல நிக்கிற ஆனை நம்ம முதலாளியாத்தான் இருக்கணும்" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். முதலாளியும் சிரித்தார். அந்த மாடியில் நான் கேட்ட சிரிப்புகளில் அது ஒன்றுதான் முழுச் சிரிப்பு.

அந்தச் சித்திரம் இருந்த புத்தகத்தை நான் வரி விடாமல் படித்தேன். எழுதியவர் பல்லக்கில் மூன்று நாளில் இந்தப் பள்ளத்தாக்கைக் கடந்திருக்கிறார். காய்ச்சல், கெட்ட தண்ணீர், இரவெல்லாம் புலியின் உறுமல். வழியில் அவர் நாய் செத்துப்போனது. நாய்க்கு அரைப் பக்கம். அதன் பெயர், அதன் வயது, அது கடைசியாக நக்கிய கை. பல்லக்கைத் தூக்கிய எட்டுப் பேர் வருகிறார்கள், ஒரு வரியில். பெயரில்லை. அந்த அரைப் பக்கத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாயின் மேல் கோபமில்லை, பாவம். தூக்கிக்கொண்டு நடந்த அந்தப் பதினாறு கால்களுக்கும் பின்னால் யாராவது ஊரில் காத்திருந்திருப்பார்களே என்று தோன்றிவிட்டது, தோன்றினால் போகாது.

புத்தகங்களோடு ஓர் ஆல்பமும் இருந்தது. துரை தாமே எடுத்த புகைப்படங்கள். எஸ்டேட் வேலை, மூடுபனி, சுமைமாடுகள், தோட்டத்து ஆட்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, ஆல்பத்தின் தாளிலேயே, துரையின் சாய்ந்த எழுத்தில் ஒரு வரி. ஈரத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, படங்கள் பாதிக்கு மேல் கழன்றுவிட்டன. ஏலக்காய் உலர்த்துகிற பாயில் அவற்றைப் பரப்பிக் காயவைத்தேன். படங்களின் முதுகில் ஆல்பத் தாளின் மேல்தோல் பெயர்ந்து வந்து ஒட்டியிருந்தது. உரித்தால் படம் கிழியும் என்று விட்டுவிட்டேன். யுத்தத்தில் மைதா கிடைக்கவில்லை. புளியங்கொட்டைப் பசைதான். பக்கத்தில் எழுத்திருக்கிற இடத்தின் மேல் எந்தப் படம் பொருந்துகிறதோ அதை ஒட்டினேன். பெரும்பாலும் அளவே வழி சொன்னது. நாலே நாலு படங்கள் மட்டும் ஒரே அளவு, நாலும் கூலியாட்கள் நிற்பவை. எழுத்து வரிகளும் நாலு. எதற்கு எது என்று சற்று நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. பசை காய்கிறது. ஒட்டிவிட்டேன்.

யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த நாயின் சொந்தக்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அடுத்த ஆனியில் ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த வேளை, வெள்ளைச் சேலை கட்டிய பெண் ஒருவர் படியேறி வந்தார். அந்த மாடிக்கு அதுவரை பெண்கள் வந்ததில்லை. முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். வெயிலில் வேலை செய்த முகம். வாசலுக்கு வெளியே செருப்பில்லாத காலைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, எங்க வீட்டு ஆளு இங்கன ஒரு படத்துல இருக்காகன்னு சொன்னாக."

மார்க்கையன்கோட்டைக்காரர். விவசாயக் குடும்பம். ஏலக்காய் வாங்க வந்த அவருடைய கொழுந்தன் ஒருநாள் பொழுதுபோகாமல் ஆல்பத்தைப் புரட்டியிருக்கிறார். அண்ணன் மாதிரி ஓர் ஆள் நிற்பதைப் பார்த்துவிட்டு ஊரில் போய்ச் சொல்லியிருக்கிறார்.

உட்காரச் சொன்னேன். பெஞ்சியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். அவர் சொன்ன கதையை அவர் சொன்ன வேகத்தில் என்னால் சொல்ல முடியாது. பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சின முறையைச் சொல்வது போலச் சொன்னார். தை மாதம் கல்யாணம். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவில் புருஷன் வேண்டுதலுக்கு மொட்டை போட்டார். அதே திருவிழாவில், பச்சை குத்துகிறவளிடம் வலது முன்கையில் தேள் குத்திக்கொண்டார். குத்தும்போது அழுததைச் சொல்லிச் சொல்லி இவர் கேலி செய்திருக்கிறார். வைகாசியில் மலைக்கு வேலைக்குப் போனார். அப்போது இவருக்கு வயிற்றில் மூன்று மாதம். ஆடியில் அந்த வெள்ளம். மலையாளத்தார் தங்கள் வருஷக் கணக்கில் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று இன்றும் சொல்வார்களே, அது. மலையே கரைந்து இறங்கியதாம். ஆட்கள் குடியிருந்த லயம் ஒன்று முழுதாகப் போய்விட்டது, அதில்தான் அவர் இருந்தார் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். உடம்பு கிடைக்கவில்லை. வைக்கோலில் ஆள் செய்து, வேட்டி கட்டி, சுடுகாட்டில் எரித்தார்கள்.

"வைக்கோலுக்குத்தான் தம்பி நான் தாலி அறுத்தேன்" என்றார்.

இப்போது பிள்ளைக்கு இருபது வயது. ஆவணியில் கல்யாணம் பேசியிருக்கிறது, சின்னமனூர்ப் பெண். அங்கேதான் சிக்கல். வெள்ளத்துக்குப் பிறகு எந்த வருஷமோ ஒரு மாட்டுத்தரகன் மலையாளத்துப் பக்கம் அந்த ஆளைப் பார்த்ததாக ஒரு பேச்சை விட்டிருக்கிறான். அது செத்துப்போன பேச்சு. படம் இருக்கிற செய்தி பரவினதும் உயிர்த்துக்கொண்டது. அப்பன் அங்கே எவளோடோ குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்க, ஆத்தா இங்கே வெள்ளைச் சேலையில் கூத்துக் கட்டுகிறாளா என்று பெண்ணின் தாய்மாமன் சபையில் கேட்டுவிட்டான். அப்பன் செத்தானா, விட்டுப் போனானா என்று தெரியாமல் பெண் கொடுக்கமாட்டோம் என்றும் சொல்லிவிட்டான்.

நான் ஆல்பத்தை அவர் முன்னால் விரித்தேன். ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். ஒன்பது பேர் வரிசையில், பாறை ஓரம், தடித்த கயிறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஓரத்தில் நின்றவர், கை தூக்கிக் கயிற்றைப் பற்றியிருந்தார். தேசப்படம் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். முன்கையில் தேள் இருந்தது. கொடுக்கு உட்பட.

அவர் விரல் தேளிலிருந்து தோளுக்கு ஏறிற்று. தோளிலிருந்து தலைக்கு. அங்கே நின்றது. வெகுநேரம் நின்றது. இருபது வருஷத்துக்குப் பிறகு தலையை வருடுகிறார் என்று நினைத்து, நான் மரியாதைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதுதான் என் படிப்பு. எத்தனை யாத்திரைப் புத்தகம் படித்து என்ன?

"இது எப்ப எடுத்தது தம்பி? வெள்ளத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

கீழே இருந்த வரியை வாசித்தேன். "வெள்ளத்துக்கு முந்தின மாசம், அக்கா."

"அப்படியா எழுதியிருக்கு?"

"துரை கைப்பட எழுதியிருக்காரு."

அந்தத் தலையின் மேலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். பிறகு, அதைத் தமிழில் எழுதி வாசகசாலை முத்திரை குத்தித் தர முடியுமா என்று கேட்டார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பெயரில்லாத எட்டுப் பேருக்குச் செய்ய முடியாததை இந்த ஒருவருக்காவது செய்கிறோம் என்ற கர்வம். நல்ல தாளில், நல்ல மையில் எழுதினேன். துரை எழுதியது ஒரு வரி. மலைவெள்ளத்தில் மாண்டவர் என்று இரண்டாவது வரியை நானாகச் சேர்த்தேன். படத்தைக் கொடுக்க முடியாது, வாசகசாலை விதி. ஆனால் தேனி ஸ்டூடியோவில் ஒரு நகல் எடுத்துத் தருகிறேன், ஆடி அமாவாசைக்கு முன்னால் வாருங்கள் என்றேன். நடுவீட்டில் மாட்டலாம், கல்யாணத்தன்று மாலை போடலாம் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கரிப்பஸ் வருமுன் இறங்கிப் போனார்.

தேனி ஸ்டூடியோக்காரர் ஆல்பத்தை நீட்டாதே, பக்கம் வளைந்திருக்கிறது, படத்தை மட்டும் தட்டையாகக் கொண்டுவா என்று சொல்லிவிட்டார். வெந்நீர் ஆவியில் காட்டிக் காட்டி என் பசையை இளக்கினேன். படம் வந்தது. கூடவே, பின்னால் ஒட்டியிருந்த பழைய தோலும் ஊறிக் கழன்று வந்தது. அதற்கு அடியில் பென்சில் எழுத்து. அதே சாய்ந்த எழுத்து. புதுப் பாலம் முடிந்த நாள், வெள்ளத்துக்குப் பின் இரண்டாம் கோடை, என் ஆட்களில் தேர்ந்தவர்கள் என்று இருந்தது.

முந்தின மாசம் என்கிற வரி வேறொரு படத்துடையது. அளவு பார்த்து ஒட்டினவன் நான். பூதக்கண்ணாடியை எடுத்தேன். தேளைத் தாண்டி, அவர் விரல் போன வழியிலேயே மேலே போனேன். தோள் வரை தொங்கியது முடி. சித்திரையில் மொட்டை போட்ட தலையில் ஆனியில் தோள் வரை முடி. அவர் என்னிடம் மொட்டையைச் சொன்னபோது நான் வசம்புத் துண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன்.

நகல் எடுத்து வந்தேன். அதற்குப் பிறகு அமாவாசை வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்டவாளம் பெயர்த்த மண்மேட்டின் மேலேயே கிழக்கே நடப்பேன். கட்டை இருந்த பள்ளங்களில் மழைத்தண்ணீர் ஏணிப்படி போல நின்றிருக்கும். ஒவ்வொன்றிலும் மலை விழுந்து கிடக்கும். சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? கல்யாணம் நடக்கும். சொன்னால் என் முத்திரையிட்ட பொய்யை நானே கிழிக்க வேண்டும். அதோடு இருபது வருஷ வெள்ளைச் சேலையையும். இரண்டு வருஷத்துக்குப் பிறகும் உயிரோடு, தேர்ந்த ஆளாய் நின்ற அந்த மனிதன் ஏன் இறங்கி வரவில்லை? மலைக்கும் மார்க்கையன்கோட்டைக்கும் இரண்டு நாள் நடைதானே. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் சிரித்தும் இருந்தான், லேசாக.

அமாவாசைக்கு முந்தின நாள் அவர் வந்தார். மத்தியானம்தான். சாரல் பிடித்திருந்தது. கையில் வாழையிலைப் பொட்டலம். மறுநாள் குடும்பத்தோடு சுருளி அருவிக்குப் போய் எள்ளும் தண்ணீரும் இறைப்பதாகச் சொன்னார். என் தாளைப் பார்த்துவிட்டுப் பெண் வீட்டார் வாயடைத்துப் போனதாகவும், தாய்மாமனே வந்து வெற்றிலை மாற்றிக்கொண்டதாகவும் சொன்னார். கீழே மகன் நிற்கிறான், நகலை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்றார்.

நகலை மேஜைமேல் வைத்தேன். பக்கத்தில் மூலப்படத்தையும் வைத்தேன்.

"அக்கா, நான் எழுதிக் குடுத்தது தப்பு."

அவர் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க. பய காதுல விழும்."

படத்தைத் திருப்பினேன். பென்சில் எழுத்தை ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன்.

"தலமுடியப் பாத்தப்பவே தெரியும் தம்பி. என் மடியில கெடந்த மொட்டை அது. ரெண்டு மாசத்துல தோளு வரைக்குமா வளந்துரும்?"

"அப்ப ஏன் எங்கிட்ட எழுதி வாங்குனீக?"

"முன்னாடியா பின்னாடியான்னு நான் கேக்கத்தான செஞ்சேன். முன்னாடின்னு நீங்கதான் சொன்னீக. படிச்ச தம்பியும் வெள்ளக்காரத் தொரையும் ஒரே வாயாச் சொல்றப்ப, தற்குறி நான் இல்லைன்னு சொல்லவா?"

அதில் ஒரு சிரிப்பு இருந்தது. அதைத் திரும்ப எண்ணிப் பார்க்க எனக்கு இன்னும் தைரியமில்லை.

பொட்டலத்தைப் பிரித்தார். இழைத்த சந்தனம், கொஞ்சம் குங்குமம். எங்கள் பக்கத்தில் படத்துக்குப் பொட்டு வைப்பதென்றால் செத்தவர் படத்துக்குத்தான். உயிரோடிருக்கிறவர் படத்தில் தெரியாமல் மஞ்சள் தண்ணீர் தெறித்துவிட்டால்கூடப் பதறிப்போய்த் துடைப்பார்கள்.

"குங்குமத்த நான் தொடக்கூடாது. நீங்க வைங்க தம்பி."

என் கை நீளவில்லை. "அவுக எங்கயாச்சும் இருந்தாகன்னா?" என்றேன்.

"இருந்தா இருந்துக்கிறட்டும். நான் மலையேறிப் போயிக் கழுத்தையா நெரிக்கப் போறேன்? இருவது வருசம் நான் செத்துக் கெடந்தேன். ஒரு பொட்டு, அவுக தாங்க மாட்டாகளா?"

மோதிரவிரலால் சந்தனத்தைத் தொட்டு அந்த நெற்றியில் வைத்தேன். கண்ணாடி போடாத படம், சந்தனம் குளிர்ந்திருந்தது. அதன் நடுவில் குங்குமம். நகலில் தேள் மங்கிப்போயிருந்தது. முடி மட்டும் தெளிவாக இருந்தது. அவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சந்தனத்தைத் தாமே விரலில் எடுத்து, காதுக்குக் கீழே தொங்கிய முடிமேல் இரண்டு பக்கமும் பட்டையாக அப்பினார். இப்போது அது மாலை போடாமலே மாலை போட்ட படம் போல இருந்தது. முடி தெரியவில்லை.

துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். கீழேயிருந்து மகன், பஸ் வந்துவிட்டதென்று ஆத்தாவைக் கூப்பிட்டான். நல்ல கணீரென்ற குரல். அவர் இரண்டு படி இறங்கி, நின்று, மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த மூலப்படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அதை முன்ன இருந்த எடத்துலயே ஒட்டிருங்க தம்பி. பின்னாடி இருக்கது இனிமே யாருக்கும் தெரிய வேணாம். கெட்டியா ஒட்டுங்க."